‘சரண்டர்’ பண்ணுவதா, ஒப்புக்கொடுப்பதா?

பெங்களூரு பிரேசர் டவுன் பக்கம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். பிரசங்கியார் ஆங்கிலத்தில் பேச, நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். இருதயத்தை முழுவதும் ஆண்டவரிடம் விட்டுவிடுங்கள் என்ற இடம் வந்தது. அவர் பயன்படுத்திய சொல் ‘சரண்டர்’. யோசிக்க நேரமில்லை. “இருதயத்தை ஆண்டவருக்கு சரண்டர் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டேன். கூட்டம் முடிந்து காபி கொடுக்கும்போது ஓர் ஆயா என்னிடம் வந்தார். “தம்பி, சரண்டர்னா கோர்ட்டுல போய் நிக்கறதுதானே? நான் என்ன தப்பு பண்ணேன்?” என்று கேட்டார்.

அவர் கேட்டது சரி. இந்த ஊரில் அந்தச் சொல் எங்கெல்லாம் புழங்குகிறது என்று பாருங்கள். தலைமறைவாக இருந்தவர் நீதிமன்றத்தில் சரண்டர் ஆகிறார். வேலையை விட்டால் கடைசி நாளில் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் சரண்டர் செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியைப் பாதியில் சரண்டர் செய்தால் பெரும்பாலும் போட்டதைவிடக் குறைவாகத்தான் கைக்கு வரும். தோல்வி, விலகல், நஷ்டம் என்று மூன்று நிறம் அந்தச் சொல்லில் ஏறியிருக்கிறது. இருதயத்தோடு அதைச் சேர்த்தால் அந்த நிறமும் கூடவே வரும்.

சொல்லின் பிறப்பு இவ்வளவு கடுமையானதில்லை. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது அது. அதன் பின்பாதி லத்தீனில் ‘திருப்பிக் கொடு’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து வருகிறது. ஆங்கிலத்தில் முதலில் நிலம், குத்தகை உரிமை ஆகியவற்றை உரியவரிடம் திரும்ப ஒப்படைப்பதற்கான சட்டச் சொல்லாக இருந்தது. போர்க்களத்தில் ஆயுதத்தைக் கீழே போடுவது என்ற பொருள் பிறகு வந்தது. உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது என்ற அந்தப் பழைய பொருள் விசுவாசத்துக்கு அழகாகவே பொருந்தும். ஆனால் இன்று கேட்கிறவர் காதில் போலீஸ்தான் முதலில் வந்து நிற்கிறது.

‘சரண்டர்’, ‘சரண்’ இரண்டும் ஒரே சொல் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒலி ஒத்துப்போவது தற்செயல். சரண் வடமொழிச் சொல். புகலிடம் என்று பொருள். பாதம் என்ற பொருளுள்ள வேறொரு வடமொழிச் சொல்லும் தமிழ் எழுத்தில் சரணம் என்றே வந்து சேர்ந்ததால், பாதத்தில் விழுவதும் புகலிடம் தேடுவதும் நமக்கு ஒன்றாகக் கலந்துவிட்டன. கன்னடத்தில் இன்னும் மதிப்போடு இருக்கும் சொல் அது. 12-ஆம் நூற்றாண்டில் சிவபக்தரான பசவண்ணரோடு சேர்ந்த அடியார்களை சரணர் என்றே அழைக்கிறார்கள். தமிழ்ச் செய்தித்தாள்தான் ‘சரணடைந்தார்’ என்பதைக் குற்றவாளிகளுக்கு எழுதி எழுதித் தேய்த்துவிட்டது.

சரி, நம்மிடம் உள்ள சொல் எது? ஒப்புக்கொடுத்தல்.

ஒப்பு என்றால் இணக்கம், சம்மதம். ஒப்புதல், ஒப்பந்தம், ஒப்புக்கொள்ளுதல் எல்லாம் அந்தக் குடும்பம். ஒப்புக்கொடுக்கிறவர் தோற்றுப்போய்க் கொடுக்கவில்லை, மனம் இணங்கிக் கொடுக்கிறார். பிடுங்கி வாங்கிய பொருளை யாரும் ‘ஒப்புக்கொடுத்தான்’ என்று சொல்வதில்லை. கன்னடத்திலும் இதே வேர் உயிரோடு இருக்கிறது: ஒப்பிகே என்றால் சம்மதம், ஒப்பிஸு என்றால் ஒப்படை. பக்கத்து வீட்டு கன்னட விசுவாசியிடம் இதைச் சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

பழைய தமிழ் வேதாகமம் இந்தச் சொல்லை எங்கெல்லாம் வைத்திருக்கிறது என்று தேடியபோது எனக்கே மனம் நிறைந்தது. ரோமர் 12:1-இல் “உங்கள் சரீரங்களைப் பரிசுத்தமும் தேவனுக்குப் பிரியமுமான ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கவேண்டும்” என்று பவுல் கேட்கிறார். அங்குள்ள கிரேக்க வினைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துதல் என்று பொருள். யோசேப்பும் மரியாளும் குழந்தை இயேசுவை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோனதைச் சொல்லும்போது லூக்கா எழுதுவதும் அதே வினைதான்; தமிழிலும் அங்கே ஒப்புக்கொடுத்தல்தான். பிள்ளையைக் கையில் ஏந்திப் பலிபீடத்துக்கு முன் நிற்கிற பெற்றோரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கைவிலங்கு எங்கே இருக்கிறது?

கலாத்தியர் 2:20 இன்னும் ஆழம். “எனக்காகத் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்த தேவனுடைய குமாரன்” என்கிறது அது. அங்குள்ள கிரேக்க வினையே சுவிசேஷங்களில் யூதாஸின் செயலுக்கும் வருகிறது. கிரேக்கத்தில் ஒரே சொல். தமிழ் அதை இரண்டாகப் பிரித்தது: யூதாஸ் காட்டிக்கொடுத்தான், இயேசு ஒப்புக்கொடுத்தார். மொழிபெயர்த்தவர்கள் இங்கே எடுத்த முடிவை எண்ணி நான் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறேன். நாம் கொடுப்பதற்கு முன் அவர் கொடுத்துவிட்டார், அதே சொல்லால்.

இதன் உடன்பிறப்பு ஒப்புவித்தல். “பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்” என்று சிலுவையில் இயேசு சொன்ன சொல். பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி ஒருவர் கையில் கொடுப்பது என்பது அதன் கிரேக்கப் பொருள். “உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து” என்ற 37-ஆம் சங்கீதத்தில் எபிரெய வினை வேறு. அதற்கு உருட்டிவிடு என்று பொருள். தூக்க முடியாத பாரத்தை உருட்டி அவர் பக்கம் தள்ளிவிடச் சொல்கிறது. வாடகையும் பிள்ளைகளின் பீஸும் நெஞ்சை அழுத்தும் மாதக் கடைசியில் எனக்கு இந்த வினைதான் உதவுகிறது.

பத்திரப்படுத்தும் அந்தப் பொருளுக்குத் தமிழிலேயே ஒரு பழைய சொல் உண்டு: அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி கண்ணகியை மாதரி என்ற ஆயர்குலப் பெண்ணிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். அந்தக் காதைக்குப் பெயரே அடைக்கலக் காதை. பின்னால் அடைக்கலத்தை இழந்தேன் என்று மாதரி தீயில் புகுந்தாள் என்றும் அந்தக் காப்பியம் சொல்கிறது. வாங்கிக்கொண்டவர்மேல் அவ்வளவு கடமை விழுகிறது. 2 தீமோத்தேயு 1:12-இல், தான் ஒப்புக்கொடுத்ததை அவர் அந்நாள்வரைக்கும் காத்துக்கொள்ள வல்லவர் என்று பவுல் எழுதும்போது, எனக்கு அடைக்கலம் என்ற சொல்லும் கூடவே கேட்கிறது.

இருதயம் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்று ‘ஹார்ட்’ என்றால் காதலும் உணர்ச்சியும்தான். எபிரெயர்களுக்கு இருதயம் யோசிக்கிற, தீர்மானிக்கிற இடம். உணர்ச்சிகளை அவர்கள் உள்ளிந்திரியங்களிலும், அதாவது சிறுநீரகத்திலும் வைத்தார்கள். ஆகவே “என் மகனே, உன் இருதயத்தை எனக்குத் தா” என்ற நீதிமொழிகள் 23:26, பாட்டு வேளையில் கண்ணீர் விடுவதோடு முடிவதில்லை. எந்த வேலைக்குப் போவது, யாரை மன்னிப்பது, பணத்தை எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுக்கிற இடத்தை அது கேட்கிறது.

அர்ப்பணித்தல் என்ற சொல்லும் சபைகளில் உண்டு. நல்ல சொல்தான். ஆனால் கட்டடத்துக்கும் புத்தகத்துக்கும் வாழ்நாள் சேவைக்கும் அதைப் போட்டுவிட்டதால் கொஞ்சம் மேடைச் சொல்லாகிவிட்டது. கத்தோலிக்கர் வழக்கில் ‘திருப்பலி ஒப்புக்கொடுத்தார்’ என்பது அன்றாடப் பேச்சு. சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போய்வருகிறவர்களுக்கு இந்தச் சொல்லைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

எழுதும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. ஒப்புக்கொடு என்று சேர்த்தே எழுதுங்கள். ‘ஒப்புக்கு’ என்று பிரிந்தால் பேருக்குச் செய்வது என்று பொருள் மாறிவிடும். ஒப்புக்குச் சப்பாணி என்று சொல்வோமே, அந்த ஒப்புக்கு. இங்கே தமிழைப் பேச்சில் மட்டும் அறிந்து, கன்னட, ஆங்கிலப் பள்ளிகளில் படித்து வளர்ந்த இளைஞர்கள் இப்படிக் கேட்டுக் குழம்பியதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ‘மனசார ஒப்படைக்கிறது’ என்று சொன்னால் உடனே புரிகிறது.

அடுத்த மாதம் அதே வீட்டில் கூட்டம். பிரசங்கியார் மறுபடியும் அந்தச் சொல்லுக்கு வந்தார். “இருதயத்தை முழுசா ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுங்க, அவர் பத்திரமா வெச்சுக்குவார்” என்றேன். அவர் சொன்னதைவிடச் சில சொல் கூடுதல். முன்வரிசையில் இருந்த ஆயா கண்ணை மூடிக்கொண்டு மெல்ல “ஒப்புக்கொடுக்கறேன்பா” என்றார்.