எம்சிபி விழாமலே பிளக் உருகுவது ஏன்?

கீசர் பிளக்கில் ஒரு பின் மட்டும் கறுத்திருக்கும். சாக்கெட் ஓரம் பழுப்பேறி, சூடான பேக்கலைட் மீன் கவிச்சி போல நாறும். ஆனால் எம்சிபி (ஆம்பியர் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒருமுறைகூட விழுந்திருக்காது. "ஓவர்லோடுன்னா எம்சிபி விழுந்திருக்கணுமே?" என்று வீட்டுக்காரர் கேட்பார். சரியான கேள்விதான். அங்கே ஓவர்லோடே இல்லை.

கணக்கைப் போட்டால் விளங்கும். கீசரின் தகட்டில் 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கிறது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். வோல்ட்டை அந்த ஆம்பியரால் வகுத்தால் காயிலின் மின்தடை, சுமார் 26.5 ஓம். இப்போது சாக்கெட்டில் ஒரு ஸ்க்ரூ லூஸாகி, அந்த இடத்தில் 0.2 ஓம் மின்தடை உருவாகிவிட்டது என்று வையுங்கள். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி ஓமால் பெருக்கினால் அந்த இடத்தில் எரியும் வாட் வரும்: 8.7 × 8.7 × 0.2, அதாவது 15 வாட். ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதில் பாதிக்கு மேலான சூடு, ஒரு ஸ்க்ரூ தலை அளவு இடத்தில், நான்கு பக்கமும் பிளாஸ்டிக் மூடிய பெட்டிக்குள் சேர்கிறது. சூட்டில் உலோகத்தின் மேல் ஆக்சைடு படியும், மின்தடை இன்னும் ஏறும், சூடும் ஏறும்.

எம்சிபி பார்ப்பது ஆம்பியரை மட்டும். 26.5 ஓமோடு 0.2 சேர்ந்தால் ஆம்பியர் ஒரு துளி குறையத்தான் செய்யும். மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபியோ, பேஸ் ஒயரில் போன மின்சாரம் நியூட்ரல் ஒயரில் திரும்புகிறதா என்று மட்டும் பார்க்கும். இங்கே முழுதும் திரும்புகிறது. இந்தக் கோளாறு இரண்டின் கண்ணிலும் படாது.

சரி, மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்க்கலாமே என்றால், அதிலும் சிக்கல். மீட்டரின் இரண்டு ஒயர்களை ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். தவிர, மீட்டர் அனுப்பும் மின்சாரம் மிகச் சிறியது. லோடில் இளிக்கிற ஜாயின்ட் அதில் நல்ல பிள்ளையாக இருக்கும். லோடு ஓடும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து மின்தடையைக் கணக்கிடுவதே நம்பகமான வழி.

இது மின்சாரம் இருக்கும்போதே செய்யும் வேலை. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கணக்கைச் சரிபார்க்கலாம். கீசரை ஓடவிட்டு, மெயின் போர்டில் கீசர் லைனின் பேஸ் ஒயரில் மட்டும் கிளாம்ப் மீட்டரை (ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியரைக் காட்டும் மீட்டர்) மாட்ட வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம் காட்டும். பலர் இங்கேதான் மீட்டரைக் குறை சொல்வார்கள். பிறகு மெயின் போர்டிலும் கீசரின் டெர்மினலிலும் வோல்ட்டைப் பார்க்க வேண்டும். சப்ளை ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் இரண்டு மீட்டர் வைத்து ஒரே நேரத்தில் படிப்பது நல்லது.

போர்டில் 226 வோல்ட், கீசரில் 219, ஆம்பியர் 8.3 என்று வந்தால் வழியில் 7 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. 7-ஐ 8.3-ஆல் வகுத்தால் 0.84 ஓம். இதில் ஒயரின் பங்கு எவ்வளவு? 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயருக்கு கிலோமீட்டருக்கு 7.41 ஓம். தூரம் 12 மீட்டர் என்றால் போகவர 24 மீட்டர், 0.18 ஓம். கீசரிலிருந்து பிளக்குக்கு வரும் ஒயருக்கு 0.04 கூட்டினாலும் 0.22-தான். மீதி 0.62 ஓம் ஏதோ ஜாயின்ட்டில் உட்கார்ந்து 43 வாட் எரிக்கிறது. தினம் ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதம் ஒன்றேகால், ஒன்றரை யூனிட்தான். பில்லில் யாருக்கும் தெரியாது.

எந்த ஜாயின்ட் என்று பிடிக்க, ஓடும்போதே சுவிட்சின் இரண்டு டெர்மினலுக்கும் நடுவே வோல்ட்டைப் பார்க்க வேண்டும். நல்ல சுவிட்சில் ஒரு வோல்ட்டில் சிறு பங்குதான் வரும். 5 வோல்ட் வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது. சுவிட்ச் ஆஃப் ஆகியிருந்தால் அங்கே முழு 230 வோல்ட் நிற்கும். அதனால் 600 வோல்ட் ரேஞ்சில் வைத்துத்தான் தொடங்க வேண்டும். அடுத்து நியூட்ரல் லிங்க், அதாவது போர்டில் நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் சேரும் பட்டை. பேஸ் பக்கம் எல்லாரும் பார்ப்பார்கள், நியூட்ரலை மறந்துவிடுவார்கள்.

காரணங்கள் பெரும்பாலும் இவைதான்: ஒரே ஸ்க்ரூவில் இரண்டு மூன்று ஒயர், தோல் சீவும்போது பாதி இழைகள் அறுந்தது, ஸ்க்ரூ செம்பைப் பிடிக்காமல் இன்சுலேஷனைப் பிடித்தது, 16 ஆம்பியர் சாக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் அடாப்டர் போட்டு 6 ஆம்பியர் சாக்கெட்டில் ஓட்டுவது. கறுத்த பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி செருகுவதை வைத்தியமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. சூட்டில் சாக்கெட்டின் ஸ்பிரிங் விறைப்பு போய்விட்டது, அது திரும்பாது. பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றி, ஒயரைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி இறுக்க வேண்டும்.

எதையும் தொடாமல் வீட்டுக்காரரே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கீசரை மட்டும் ஓடவிட்டு, மின்மீட்டரின் சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். அதை 60-ஆல் பெருக்கி, மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை என்று அச்சிட்டிருக்கும் எண்ணால் வகுத்தால் கிலோவாட். 3200 என்று அச்சிட்ட மீட்டரில் 107 சிமிட்டல் வந்தால் 2 கிலோவாட். இது லூஸ் ஜாயின்ட்டைக் காட்டிக்கொடுக்காது. லைனில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று கணக்கிட உதவும்.

இந்த ஓம் கணக்கை மோட்டாருக்கும் பிரிட்ஜுக்கும் அப்படியே போடாதீர்கள். அங்கே வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வருவது காயிலின் மின்தடை அல்ல. வாட் கணக்கிலும் பவர் ஃபேக்டரால் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையில் வாட்டாகும் பங்கு) பெருக்க வேண்டும். லோ வோல்டேஜில் கீசரின் ஆம்பியர் குறையும்: 190 வோல்ட்டில் 7.2 ஆம்பியர், 1365 வாட், தண்ணீர் காய ஒன்றரை மடங்கு நேரம். லோடில் ஓடும் பம்ப் மோட்டாருக்கோ ஆம்பியர் ஏறும். காயில் கருகுவது அதனால்தான்.