கட்டில் மாறிய பொம்மைகள்

லண்டனின் கிரேட் ஆர்மண்ட் தெருவில் 1852 பிப்ரவரி 14 அன்று பத்துக் கட்டில்களோடு திறக்கப்பட்ட குழந்தைகள் மருத்துவமனையைச் சார்லஸ் டிக்கன்ஸ் நன்கு அறிந்திருந்தார். 1858-இல் அதற்கு நிதி திரட்டும் விருந்தில் அவர் பேசிய பேச்சு, ஒரே மாலையில் ஏறத்தாழ 3,000 பவுண்டைச் சேர்த்துக் கொடுத்தது. சில ஆண்டுகளுக்குப் பிறகு அவர் எழுதிய ஒரு நாவலில் அத்தகைய வார்டு ஒன்று வருகிறது. ஒவ்வொரு சிறு கட்டிலின் மீதும் குறுக்கே ஒரு சிறு பலகை இருக்கிறது. அதன்மேல் பொம்மை வீடும், குரைக்கும் கம்பளி நாயும், தகரச் சிப்பாய்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன. இறக்கும் தறுவாயில் இருக்கும் ஒரு சிறுவன், தனக்குக் கிடைத்த நோவாவின் பேழையையும் (விவிலியக் கதையில் வரும், மர விலங்குகள் நிறைந்த பொம்மைப் படகு) குதிரையையும் பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடக்கும் சிறுவனுக்குக் கொடுத்துவிடச் சொல்கிறான்.

அந்தக் காட்சியை வாசித்து அன்று பலர் அழுதிருப்பார்கள். இன்று நுண்ணுயிரியல் தெரிந்தவர் வாசித்தால் அழுகையோடு அச்சமும் வரும். ஏனெனில் அந்தச் சிறுவனுக்கு வந்தது உடலில் புள்ளிபுள்ளியாகத் தடித்துக் கிளம்பும் நோய் என்றும், அவனோடு வளர்ந்த வேறு இரு குழந்தைகளுக்கும் அது கண்டிருந்தது என்றும் நாவலே சொல்கிறது. ஒரு குழந்தைக்கு வந்த பரிசு அந்தக் குழந்தையோடு முடிந்துவிடாமல், அடுத்து அந்தக் கட்டிலுக்கு வரும் குழந்தையின் கைக்கும் போய்ச் சேர்வதுதான் மருத்துவமனைக்கு வரும் நன்கொடையின் இயல்பு. அது என்னென்னவற்றைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரை விளக்க முற்படுவது.

இந்த மருத்துவமனையை நிறுவிய மருத்துவர் சார்லஸ் வெஸ்ட் காலத்தில், ஏழைக் குழந்தைக்கு நோய் வந்தால் வீட்டில்தான் கிடக்க வேண்டும். 1843-இல் லண்டன் மருத்துவமனைகளில் இருந்த சுமார் 2,400 நோயாளிகளில் பத்து வயதுக்குட்பட்டவர்கள் 26 பேரே. பாரிஸில் 1802-லேயே குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை வந்துவிட்டது. லண்டனுக்கு அது வர இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆயின. வந்தபோதும் அரசுப் பணத்தால் அன்றி, முழுக்க முழுக்கத் தனியார் கொடையாலேயே நடந்தது.

பொம்மைகளை இத்தனை தாராளமாகக் கொடுக்க முடிந்ததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. அக்காலத்து மலிவான மர விலங்குகளில் பெரும்பகுதி ஜெர்மனியின் எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியிலிருந்து வந்தது. அங்கே ஈரமான ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தை வட்டத் துண்டாக அறுத்துக் கடைசல் இயந்திரத்தில் பொருத்தி, மேலும் கீழும் பள்ளங்கள் குடைந்து ஒரு வளையமாக்குவார்கள். பார்ப்பதற்கு அது வரிவரியான ஒரு மரவளையம் மட்டுமே. ஆனால் அதைக் கேக்கை வெட்டுவதுபோல் கத்தியால் செங்குத்தாகப் பிளந்தால், ஒவ்வொரு சீவலின் வெட்டுமுகமும் ஒரு பசுவாகவோ யானையாகவோ இருக்கும்; ஒரே வளையத்திலிருந்து டஜன் கணக்கில் ஒரே வடிவம் கிடைக்கும். உள்ளே உருவாகும் விலங்கைப் பிளக்கும்வரை கடைசற்காரர் பார்க்கவே முடியாது. கையின் நினைவை நம்பித்தான் உளியை நகர்த்த வேண்டும். பிறகு அந்த வீட்டுக் குழந்தைகளும் உட்கார்ந்து செதுக்கி, பசை கலந்த வண்ணம் பூசுவார்கள். நோயாளிக் குழந்தையின் கைக்கு வந்த யானையை உழைக்கும் குழந்தை ஒன்று தீட்டியிருக்கக்கூடும் என்பதை நான் இங்கே சொல்லாமல் கடந்துபோக விரும்பவில்லை.

அந்தப் பசைதான் பின்னர் சிக்கலாயிற்று. விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை நீரில் கரையும், வெந்நீரில் இளகும். எனவே அதில் குழைத்த வண்ணம் பூசிய பேழையைக் கொதிநீரில் கழுவினால் வண்ணம் கலைந்து காதும் வாலும் கழன்றுவிடும். கம்பளி நாயோ எச்சிலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். குழந்தை எதையும் வாயில் வைத்துத்தான் அறியும் என்பதை எண்ணிப் பார்த்தால், அக்காலப் பச்சை வண்ணங்கள் சிலவற்றில் தாமிரத்தோடு ஆர்சனிக்கும் இருந்தது என்ற செய்தியும் சாதாரணமானதன்று.

அன்றைய பிரிட்டனில் குழந்தைகளை வாரிக்கொண்டு போன நோய்களில் முதன்மையானது, தொண்டைப் புண்ணோடு உடலெங்கும் சிவந்த தடிப்பு கிளம்பும் ஸ்கார்லெட் காய்ச்சல். 1863, 1870 போன்ற மோசமான ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்குப் பலியானவர்கள் ஆண்டுக்கு 30,000-க்கும் மேல். நோயின் இறுதியில் உரியும் தோல் செதில்களே அதைப் பரப்புகின்றன என்று மருத்துவர்கள் நம்பினார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் சங்கிலி வடிவ பாக்டீரியாவின் நச்சே காரணம் என்று 1920களில் உறுதியானது. அது முக்கியமாக இருமல், தும்மல் திவலைகளாலும் நெருக்கத்தாலும் பரவுகிறது. செதில்கள் பற்றிய அச்சம் மிகையானது. ஆயினும் பொருள்கள் மீதான ஐயம் முற்றிலும் வீணானதன்று. 2013-இல் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்கள் தனித்தனியாக இருக்கையில் உலர்ந்து மடிந்தாலும், ஒன்றாகக் கூடித் தம்மைச் சுற்றி ஒரு வழுவழுப்பான படலத்தைக் கட்டிக்கொண்டால் நீண்ட நாள் உயிர்வாழ்கின்றன என்று கண்டார்கள். ஒரு குழந்தைகள் காப்பகத்தின் பொம்மைகளிலும் தொட்டில்களிலும் அவை உயிரோடு கிடைத்தன.

பொம்மையைச் சிதைக்காமல் நோயை மட்டும் கொல்ல வழி உண்டா? நீர் உதவாது, ஆனால் வெறும் வெப்பம் உதவும். வாயு கரைதல் விதியால் நம் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றிருக்கும் மான்செஸ்டர் வேதியியலாளர் வில்லியம் ஹென்றி, நுண்ணுயிர்க் கோட்பாடு பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, 1831 வாக்கில், இதைச் சோதித்தார். ஸ்கார்லெட் காய்ச்சல் கண்டவர்கள் அணிந்த ஃபிளானல் என்னும் மென்கம்பளித் துணி உள்ளாடைகளைச் சுமார் 95 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தெடுத்து, ஆரோக்கியமான குழந்தைகளுக்கு அணிவித்தார். எவருக்கும் நோய் வரவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இச்சோதனைக்கு ஒப்புதல் அளிக்காது, அளிக்கவும் கூடாது. ஆனாலும் நோய் ஒரு பொருளில் தங்கியிருக்கும், அதைச் சூட்டால் அழிக்கலாம் என்ற அந்த முடிவு சரியானது. கம்பளி நாய்க்கும் அது பொருந்தும்.

கைமாறும் பரிசுகளில் மற்றொரு வகை பணம். 1868-இல் ‘ஆண்ட் ஜூடி’ என்ற சிறுவர் இதழ், ஆசிரியர் மார்கரெட் கேட்டியின் முன்முயற்சியில், கிரேட் ஆர்மண்ட் தெருவில் ஒரு கட்டிலுக்குப் பணம் திரட்டத் தொடங்கியது. வாசகக் குழந்தைகள் பென்னியும் ஷில்லிங்குமாக அனுப்பினார்கள். அவர்களின் பெயர்களும் தொகைகளும் இதழில் அச்சாயின. அந்தக் கட்டிலில் இருக்கும் குழந்தை எப்படித் தேறுகிறது என்ற செய்தியும் வந்தது.

ஒரு கட்டிலை நிரந்தரமாக நிறுவத் தேவைப்பட்ட தொகை 1,000 பவுண்டு. இது கோயிலில் கட்டளை எழுதி வைப்பதைப் போன்ற ஏற்பாடு: முதலைத் தொடாமல், வட்டியில் மட்டும் செலவு நடக்க வேண்டும். அக்காலத்து அறநிலையங்கள் பெரிதும் நம்பியது கன்சோல் எனப்பட்ட பிரிட்டிஷ் அரசின் கடன்பத்திரத்தை. முதலைத் திருப்பித் தருவதற்கு அதில் கெடு இல்லை. ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டி மட்டும் தவறாமல் வரும். 1,000 பவுண்டு முகமதிப்புக்கு ஆண்டுக்கு 30 பவுண்டு. தன் பென்னி எந்தக் குழந்தைக்குப் போய்ச் சேரும் என்று அனுப்பியவருக்குத் தெரியாது. அந்தக் குழந்தை அப்போது பிறந்திருக்கவே தேவையில்லை. பேழையையும் நாயையும் விட இதுவே நுட்பமான கொடை என்று நான் கருதுகிறேன், ஏனெனில் இது எச்சிலையோ செதிலையோ சுமக்காமல் கட்டிலை மட்டும் கைமாற்றியது.

ஆனாலும் முதல் அழியாது என்பதும், அதன் பலன் குறையாது என்பதும் வேறு வேறு. ‘ஆண்ட் ஜூடி’ இதழ் 1885-இல் நின்றுபோயிற்று. 1888-இல் நிதியமைச்சர் கோஷன் கன்சோல் வட்டியை 2.75 விழுக்காடாகக் குறைத்து, 1903 முதல் அது 2.5 விழுக்காடாகும் என்றும் சட்டம் செய்தார். 30 பவுண்டு தந்துவந்த பத்திரம் 27.5 பவுண்டும், பின்னர் 25 பவுண்டுமே தந்தது. 1868-இல் எட்டு வயதில் சில்லறை அனுப்பிய குழந்தைக்கு 1903-இல் நாற்பத்து மூன்று வயது.