லாவெண்டர்: பறிப்பதா, கொய்வதா?

‘லாவெண்டர் பூப்பறிப்பு’ என்ற தொடரைத் தோட்டக் குறிப்புகளை மொழிபெயர்ப்பவர்கள் கைவிட வேண்டும். அது செடியைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்து எழுதியது.

பெயர் இடைக்கால இலத்தீனிலிருந்து வந்தது. ‘கழுவு’ எனப் பொருள்படும் ‘லவாரே’ அதன் வேர் என்பார்கள். நீலநிறத்தைக் குறிக்கும் சொல்லோடு இணைப்பவர்களும் உண்டு. பெயர் ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும். கோளாறு வினைச்சொல்லில்தான்.

மல்லிகையைப் பறிக்கிறோம், மொட்டு மொட்டாக. லாவெண்டரில் நீண்ட காம்பின் நுனியில் கதிர் நிற்கிறது. மணமுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் பெரும்பாலும் இருப்பது இதழில் அல்ல, இதழைத் தாங்கும் புல்லிவட்டத்தில். ‘பூவைப் பறியுங்கள்’ என்று படித்தவர் விரிந்த இதழைக் கிள்ளுவார். எண்ணெய் செடியிலேயே நின்றுவிடும். கடையில் ‘உலர்ந்த பூ’ என்று விற்பதிலும் பெரும்பகுதி புல்லிவட்டமே.

கதிர் கொய்தல் என்பதே சரி. தினையைக் கொய்தது குறிஞ்சி நிலத்துப் பழைய வழக்கு. காம்போடு வெட்டி விற்கும் ரோஜாவை இன்றும் ‘கொய்மலர்’ என்றுதான் தோட்டக்கலைத் துறையினர் எழுதுகிறார்கள். ‘அறுவடை’ பிழையில்லை. ஆனால் அது பருவ வேலை முழுவதற்கும் பெயர். கத்தரியை எங்கே வைப்பது என்று சொல்லாது.

இங்கிலாந்து வீட்டுத் தோட்டங்களில் ‘ஹிட்கோட்’ வகை பெரும்பாலும் ஜூலையில் கொய்யத் தயாராகும். உலர்த்துவதற்கென்றால் கதிரில் முதல் ஓரிரு பூக்கள் விரிந்ததுமே கொய்ய வேண்டும். முழுதும் விரியவிட்டால் காய்ந்தபின் உதிர்ந்து கொட்டும். எண்ணெய்க்குப் பாதிப் பூக்கள் விரியும்வரை காத்திருக்கலாம். காலையில் பனி உலர்ந்தபின் வெட்டவும். ஈரத்தோடு கட்டினால் கட்டின் நடுவில் பூஞ்சை பிடிக்கும். 50 முதல் 100 காம்புகளை ரப்பர் வளையத்தால் கட்டவும். காம்பு காயக்காய மெலிவதால் நூல் தளர்ந்துவிடும். காற்றோட்டமுள்ள இருட்டறையில் 2 முதல் 4 வாரம் தலைகீழாகத் தொங்கவிடவும். வெயில் பட்டால் நிறம் வெளுக்கும்.

இதைவிட மோசமானது, கொய்தபின் செடியை அளவாக வெட்டிவிடும் வேலையை ‘அடியோடு வெட்டுங்கள்’ என்று மொழிபெயர்ப்பது. முற்றிய கட்டையிலிருந்து லாவெண்டர் அநேகமாகத் துளிர்ப்பதில்லை. சொன்னபடி செய்தவரின் செடி பட்டுப்போகும். இந்த வேலைக்குத் தேயிலைத் தோட்டம்வரை புழங்கும் ‘கவாத்து’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ‘கட்டைக்கு மேல் பச்சை இலையுள்ள தண்டு சில சென்டிமீட்டர் நிற்கும்படி கவாத்து செய்யவும்’ என்று எழுதினால் போதும், செடி பிழைக்கும்.