முகத்தில் படும் காற்று

என் பெரியப்பா குமரி மாவட்டத்தில் தக்கலைக்குத் தெற்கே பனையேறியாக வாழ்ந்தவர். பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் 30, 40 பனைகளில் ஏறி இறங்கிய அவருக்கு, 70 வயதுக்கு மேல் நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டது. அதன்பின் கட்டிலிலிருந்து எழுந்து கிணற்றடி வரை போய் வருவதே அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. ஒரு மாலையில் நான் பார்க்கப் போனபோது, காற்றுப் பட்டால் சளி கட்டும் என்று அறையின் இரண்டு ஜன்னல்களையும் சாத்தி, அவர் கழுத்தில் ஒரு துவர்த்துத் துண்டையும் சுற்றியிருந்தார்கள். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டிய சிறு கருவி 96 என்று காட்டிக்கொண்டிருந்தது. "அளவு சரியாத்தானே இருக்கு" என்று யாரோ சொல்ல, "மெசினுக்கு என்ன தெரியும்? எனக்கு மூச்சு முட்டுது மக்களே, அந்த ஜன்னலத் தொறந்து விடு" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

கருவி பொய் சொல்லவில்லை. பெரியப்பாவும் பொய் சொல்லவில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்போதே ஒருவருக்கு மூச்சு முட்ட முடியும் என்பதைப் புரிந்துகொண்டால்தான், முற்றிய புற்றுநோயுடன் வாழ்பவரின் மூச்சுத்திணறலுக்கு வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பது விளங்கும். வலியைப் போலவே மூச்சுத்திணறலும் மூளையில் உருவாகும் ஓர் உணர்வு. விரல் கருவி அளப்பது இரத்தத்தை. உணர்வை அளக்கும் கருவி எதுவும் இல்லை, நோயாளி தன் வாயால் சொல்வதுதான் அதற்கு ஒரே அளவுகோல்.

மூச்சை நடத்துவது மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளம். அது முதன்மையாகக் கவனிப்பது ஆக்சிஜனை அல்ல, கார்பன் டை ஆக்சைடை. நுரையீரல் காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.2 சதவீதம் கூடினாலே மூச்சின் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பதை ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் 1905இல் காட்டினார்கள். கடியபட்டணம், குளச்சல் பக்கம் பாறைகளில் சிப்பி பறிக்க மூச்சை அடக்கி மூழ்குகிறவர்களுக்கு, ஒரு கட்டத்துக்கு மேல் நெஞ்சு வெடிப்பதுபோல் தோன்றுவதற்கும் பெரும்பாலும் இந்த வாயுவின் சேர்மானமே காரணம்.

ஆனால் வாயுக்கணக்கு மட்டுமே மூச்சுமுட்டலை விளக்கிவிடாது. 1954இல் ஃபௌலர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓர் எளிய சோதனை செய்தார். மூச்சை அடக்க முடிந்தவரை அடக்கி, இனி முடியாது என்ற நிலைக்கு வந்தவர்களுக்கு அவர் நல்ல காற்றைத் தரவில்லை. ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு மிகுந்த, அதாவது அவர்கள் நெஞ்சுக்குள் இருந்ததைப் போன்றே கெட்டுப்போன காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தார். இரத்தத்தின் நிலை சற்றும் தேறவில்லை. இருந்தும் அவர்களுக்குத் தவிப்பு தணிந்தது, மறுபடியும் சிறிது நேரம் மூச்சை அடக்கவும் முடிந்தது. நெஞ்சு விரிந்து சுருங்கிய அசைவே மூளைக்கு ஓர் ஆறுதலாக இருந்திருக்கிறது.

முகுளம் மூச்சுத் தசைகளுக்கு 'இவ்வளவு காற்றை இழு' என்று ஆணை அனுப்பும்போது, அதன் நகல் ஒன்றை மூளையின் மேல்பகுதிக்கும் அனுப்புகிறது என்று உடலியலாளர்கள் கருதுகிறார்கள். நுரையீரலும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தகடான உதரவிதானமும் 'இவ்வளவு இழுத்தோம்' என்று திரும்பக் கணக்குச் சொல்கின்றன. கேட்டதும் கிடைத்ததும் ஒத்துப்போனால் நாம் மூச்சு விடுவதே நமக்குத் தெரியாது. கேட்டது அதிகமாகவும் கிடைத்தது குறைவாகவும் இருந்தால், அந்த இடைவெளியே மூச்சுமுட்டலாக உணரப்படுகிறது.

முற்றிய புற்றுநோய் இந்த இடைவெளியைப் பல வழிகளில் உண்டாக்குகிறது. கட்டி மூச்சுக்குழாயை அடைக்கலாம், கிருமித்தொற்று வரலாம், இரத்தசோகையால் ஆக்சிஜனைச் சுமக்கும் வலு குறையலாம், வயிற்றில் சேர்ந்த நீர் உதரவிதானத்தை மேலே தள்ளலாம், உடம்பு மெலியும்போது கை கால் தசைகளோடு மூச்சுத் தசைகளும் மெலிந்துபோகலாம். அடிக்கடி காணப்படும் மற்றொன்று, நெஞ்சில் நீர் கோர்ப்பது. நுரையீரலுக்கும் நெஞ்சுச்சுவருக்கும் இடையே இயல்பாக ஓரிரு தேக்கரண்டி அளவே இருக்கும் நீர், புற்றுநோய் நுரையீரலைச் சூழ்ந்த உறைக்குப் பரவும்போது லிட்டர் கணக்கில் சேரக்கூடும். அதை ஊசியால் எடுக்கும்போது, ஒரே தடவையில் சுமார் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதைப் பெரும்பாலான மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். நசுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோர்க்கும் ஆபத்து உண்டு. திரும்பத் திரும்பச் சேர்கிறவர்களுக்கு மெல்லிய குழாய் ஒன்றை நிலையாகப் பொருத்தி வீட்டிலேயே வடிக்கவும் வழி இருக்கிறது. நீரை எடுத்ததும் "அப்பாடா" என்று சொல்கிற நோயாளியின் விரலில் ஆக்சிஜன் அளவைப் பார்த்தால், அது முன்பிருந்ததிலிருந்து அதிகம் மாறியிருக்காது. நீரின் கனத்தால் கீழ்நோக்கிப் பிதுங்கி, இழுத்தும் அசையாமல் கிடந்த உதரவிதானம் மீண்டும் அசையத் தொடங்கியதே அந்த ஆறுதலுக்குப் பெருமளவு காரணம்.

ஆகவே, எந்த நிலையிலும் முதல் கேள்வி 'இதில் சரிசெய்யக்கூடியது ஏதேனும் இருக்கிறதா?' என்பதுதான். "முற்றிய நோய்தானே, இனி என்ன செய்ய" என்று அந்தக் கேள்வியைக் கேட்காமலே விடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்; அது தவறு.

சரிசெய்ய முடியாத பகுதி மிஞ்சும்போது அச்சம் உள்ளே வருகிறது. மூச்சுத்திணறலைப் பதிவு செய்யும் மூளைப் பகுதிகளும் பயத்தை எழுப்பும் பகுதிகளும் ஒன்றோடொன்று நெருங்கிப் பின்னியவை. பயம் வந்தால் மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஆகும். அதனால் என்ன நேர்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மூச்சில் சுமார் 500 மில்லிலிட்டர் காற்று உள்ளே போகிறது. அதில் 150 மில்லிலிட்டர் மூக்கிலும் தொண்டையிலும் குழாய்களிலும் தங்கி, இரத்தத்தைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. நிமிடத்துக்கு 12 முறை நிதானமாக மூச்சு விட்டால் 6 லிட்டர் உள்ளே போய், 4.2 லிட்டர் பயன்படுகிறது. அதே 6 லிட்டரை 24 குட்டி மூச்சுகளாக, ஒவ்வொன்றும் 250 மில்லிலிட்டராக இழுத்தால் பயன்படுவது 2.4 லிட்டர் மட்டுமே. பதறியவர் இரண்டு மடங்கு பாடுபட்டு, பாதியைவிடச் சற்றே கூடுதலாகப் பெறுகிறார். அது போதாமல் மேலும் பதறுகிறார். சுற்றி நிற்பவர்களின் பதற்றமும் இதில் சேர்ந்துகொள்ளும். நம் ஊர் வழக்கப்படி நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கட்டிலைச் சுற்றி வட்டமாக நின்று, ஒரே கேள்வியை ஆளுக்கொரு முறை கேட்பதும் இதற்கு உதவுவதில்லை. பேச்சும் மூச்சைத்தான் செலவழிக்கிறது.

இனி ஜன்னலுக்கு வருவோம். குளிர்ந்த காற்றை முகத்தில் பாய்ச்சினால் மூச்சுத்திணறல் குறைகிறது என்பது 1987இல், உடல்நலமுள்ளவர்களுக்குச் செயற்கையாகத் திணறலை உண்டாக்கிச் செய்த சோதனையில் காட்டப்பட்டது. கேம்பிரிட்ஜில் 50 நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், கையடக்க மின்விசிறியை ஐந்து நிமிடம் முகத்துக்கும், இன்னொரு ஐந்து நிமிடம் காலுக்கும் காட்டிப் பார்த்தார்கள். முகத்தில் காற்றுப் பட்டபோதுதான் திணறல் தெளிவாகக் குறைந்தது. கன்னம், மூக்கு, மேலுதடு ஆகிய இடங்களின் தொடுவுணர்வையும் குளிர்ச்சியையும் ஐந்தாம் மூளை நரம்பு மூளைக்கு எடுத்துச் செல்கிறது. 'காற்று வந்துகொண்டிருக்கிறது' என்ற அந்தச் செய்தி, கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையிலான இடைவெளியைச் சற்றுச் சுருக்குவதாகக் கருதப்படுகிறது. சிறு விசிறியை முகத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் பிடித்து, மூக்கையும் மேலுதட்டையும் சுற்றிக் காற்று படும்படி மெல்ல அசைத்தால் போதும். சில நிமிடங்களில் பலன் தெரியும். அதை நோயாளி தன் கையிலேயே வைத்திருப்பது இன்னும் நல்லது, ஏனெனில் திணறல் வரும்போது தன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது என்பதே பாதிப் பயத்தைக் குறைக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் காற்றாலைகள் சுழலும் மாவட்டத்தில், நோயாளியின் ஜன்னலை மட்டும் சாத்தி வைக்கிறோம்.

ஆக்சிஜன் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையாகவே குறைந்தவர்களுக்கு அது மருந்து. அளவு நன்றாக இருப்பவர்களுக்கு? ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 239 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், பாதிப் பேருக்கு மூக்குக்குழாய் வழியாக ஆக்சிஜனும் மறுபாதிக்கு வெறும் அறைக்காற்றும் ஏழு நாட்கள் தரப்பட்டன. இரு சாராருக்கும் திணறல் ஓரளவு குறைந்தது. இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. "ஆக்சிஜன் வைக்கலியா?" என்று கேட்டு வீட்டாரைக் குற்றவுணர்வுக்கு ஆளாக்கும் உறவினர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம். சிலிண்டர் வைத்தே ஆகவேண்டிய வீடுகளில், அந்த அறைக்குள் மெழுகுவர்த்தியோ குத்துவிளக்கோ பீடியோ கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

உட்காரும் முறையிலும் பலன் இருக்கிறது. முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் இரண்டு தலையணைகளை அடுக்கி, முழங்கைகளை ஊன்றிச் சற்று முன்சாய்ந்து உட்கார்ந்தால், கைகளின் பாரம் தோள்களிலிருந்து இறங்கி, கழுத்து, தோள் தசைகள் மூச்சுக்கு உதவ முடியும். உதரவிதானத்துக்கும் இடம் கிடைக்கும். மூக்கால் இழுத்து, சுடுகஞ்சியை ஊதுவதுபோல் உதடுகளைக் குவித்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுவது அடுத்த படி. இழுப்பதில்தான் எல்லாரும் குறியாக இருப்பார்கள், ஆனால் உள்ளே தேங்கிய காற்று வெளியேறாமல் புதிய காற்றுக்கு இடம் இல்லை.

நடக்கும்போது மூச்சுக்கேற்ப அடி வைப்பதற்கு நம் மாவட்டத்தோடு தொடர்புள்ள ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நெடுங்காலம் அறுவை மருத்துவராக இருந்த தியோடர் ஹோவர்ட் சோமர்வெல், 1924இல் செயற்கை ஆக்சிஜன் இல்லாமல் எவரெஸ்டில் சுமார் 8,500 மீட்டர் வரை ஏறியவர். அந்த உயரத்தில் ஒவ்வோர் அடிக்கும் அவர் ஏழு முதல் பத்து மூச்சுகள் விட வேண்டியிருந்தது. இறங்கும் வழியில் தொண்டை அடைத்து, சாகப்போகிறோம் என்றே உட்கார்ந்துவிட்டு, பிறகு நெஞ்சைக் கைகளால் அழுத்தி அடைப்பைத் துப்பிப் பிழைத்தார். குளியலறைக்குப் போக இரண்டு இடத்தில் நாற்காலி போடச் சொல்வதற்குப் பெரியப்பா முதலில் வெட்கப்பட்டார். நெய்யூர் டாக்டரின் கதையைச் சொன்னேன். "அவரு பனை ஏறல்லியே" என்று சிரித்தாலும், மறுநாள் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன.

இவை போதாதபோது மருத்துவர்கள் குறைந்த அளவில் மார்ஃபின் என்ற அபின் வகை வலிநிவாரணியைத் தருவதுண்டு. அது நுரையீரலில் எதையும் மாற்றுவதில்லை. மூளை அந்தத் தவிப்பை உணரும் கடுமையைத் தணிக்கிறது. எல்லா வகைத் திணறலுக்கும் அது பயன்படும் என்று சொல்லிவிட முடியாது. புகைபிடித்தல் போன்றவற்றால் வரும் நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் தென்படவில்லை. முற்றிய புற்றுநோயிலோ அது நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மருந்து. மருத்துவர் மேற்பார்வையில் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும்போது மூச்சை நிறுத்திவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. மலச்சிக்கல் அநேகமாக வரும் என்பதால் அதற்கான மருந்தையும் உடன் எழுதித் தரச் சொல்ல வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் இந்த மாத்திரையை மருத்துவமனைகள் வாங்கி வைப்பதே பெரும்பாடாக இருந்தது; 2014இல் வந்த திருத்தம் அதை எளிதாக்கியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரப்படும் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையும் அடங்கும் என்பதால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

விசிறியும் தலையணையும் போதும் என்று இருந்துவிடக் கூடாத நேரங்களும் உண்டு. திணறல் திடீரென்று வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி நெஞ்சு வலித்தாலோ, முகமும் கழுத்தும் உப்பினாலோ, காய்ச்சல் கண்டாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

அன்று ஜன்னலைத் திறந்த சிறிது நேரத்தில் மின்சாரம் போனது. பெரியம்மா அடுக்களையிலிருந்து அடுப்பு விசிறும் பனையோலை விசிறியை எடுத்து வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் மூக்குக்கு நேராக மெதுவாக வீசத் தொடங்கினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து அவருடைய மூச்சை எண்ணினேன்: முதல் நிமிடத்தில் 32, ஆறாவது நிமிடத்தில் 24. கருவியில் அப்போதும் 96தான்.