அம்மா வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களுக்கும் தாமான்களுக்கும் (வீடமைப்புப் பகுதிகளுக்கும்) வீட்டுப் பராமரிப்புக்காகப் போகும் தாதியருக்கு இது பழகிப்போன காட்சி. கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கேமரா. மகன் சிங்கப்பூரில், மகள் ஷா ஆலாமில். அம்மா சமையல்கட்டில் விழுந்து கிடப்பது இருவரின் கைப்பேசியிலும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் முன்பக்கக் கிரில்லுக்கு உள்ளிருந்து பூட்டு. பின்கதவுக்குத் தாழ்ப்பாள். சாவி அம்மாவின் முந்தானை முடிச்சில். பக்கத்து வீட்டுக்காரர் எண் இருவரிடமும் இல்லை. பூட்டை அறுக்க ஆள் வரும்வரை அம்மா சிமெண்டுத் தரையிலேயே கிடக்கிறார். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு அழுகிறார்கள்.

"எந்தக் கேமரா நல்லது?" என்று கேட்காத குடும்பமே இல்லை. "சாவியை யாரிடம் கொடுப்பது?" என்று கேட்கும் குடும்பம் அபூர்வம். கேள்வியே தலைகீழாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கேமரா வைத்துவிட்டோம், இனி அம்மாவைப் பற்றிக் கவலை இல்லை என்ற நினைப்பைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கேமரா பார்க்கிறது என்றால், அந்த நேரத்தில் யாராவது கைப்பேசியைப் பார்த்தால்தான் அது பார்ப்பதாக அர்த்தம். அசைவு தெரிந்தால் செய்தி அனுப்பும் என்பீர்கள். பூனை போனாலும், காற்றாடியில் திரைச்சீலை ஆடினாலும் அது செய்தி அனுப்பும். முதல் நாள் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பீர்கள். ஒரு வாரம் போனால் ஒலியை அணைத்துவிடுவீர்கள். அடுத்தது, வயதானவர்கள் அதிகம் வழுக்கி விழும் குளியலறையில் கேமரா இல்லை, இருக்கவும் கூடாது. பிறகு நம் ஊர் மழை இருக்கிறது. சாயங்காலம் இடி இடித்து மின்சாரம் டிரிப் ஆனால் மோடமும் சேர்ந்து அணைந்துவிடும். அம்மா இருட்டில் மெழுகுவத்தி தேடி நடக்கும் அந்த நேரத்தில்தான் படமும் இல்லாமல் போகும். இத்தனையும் தாண்டி, விழுந்ததை உடனே பார்த்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து கை நீளுமா? கேமராவுக்குக் கண் உண்டு, கை கிடையாது. கை யாருடையது என்பதை முடிவு செய்யாமல் கண்ணை வாங்கிப் பயனில்லை.

விழுந்த அடியைவிடத் தரையில் கிடந்த நேரம் சில சமயம் கூடுதல் கேடு செய்யும். எலும்பு முறியாவிட்டாலும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே பக்கமாக அசையாமல் கிடந்தால் தோலில் அழுத்தப் புண் தொடங்கலாம், உடல் குளிர்ந்து நீர் வற்றும். நசுங்கிய தசையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே இனிப்பு நீரால் (நீரிழிவால்) சிறுநீரகம் பலவீனமானவருக்கு அது இன்னும் மோசம். ஆகவே குறைக்க வேண்டியது விழுவதற்கும் ஆள் வந்து சேர்வதற்கும் நடுவில் உள்ள நேரம்.

முதலில் ஆட்கள். நடந்து 5 நிமிடத்தில் வரக்கூடிய மூன்று பேர் வேண்டும். ஒருவர் வேலைக்குப் போயிருந்தால் இன்னொருவர் இருப்பார். நேரில் போய்க் கேளுங்கள், தொலைபேசியில் கேட்காதீர்கள். அவர்கள் எண்களை எல்லாப் பிள்ளைகளும் வைத்திருக்க வேண்டும், அவர்களிடமும் உங்கள் எண்கள் இருக்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் குழு அமைப்பது நல்லதுதான், ஆனால் ஆபத்து நேரத்தில் செய்தி போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், அழையுங்கள். முதலில் யார், அவர் எடுக்காவிட்டால் யார் என்று வரிசை முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

சாவிக்கு வருவோம். ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும். இன்னொன்றை எண் பூட்டுள்ள சிறிய சாவிப் பெட்டியில் போட்டு, பின்சுவரில் திருகாணி போட்டு முடுக்கிவிடுங்கள். கொக்கியில் தொங்கவிடும் வகை வேண்டாம், பிடுங்கிக்கொண்டு போய்விடலாம். எண்ணாக அம்மா பிறந்த வருடத்தை வைக்காதீர்கள். முக்கியமான ஒன்று: உள்ளிருந்து மட்டும் திறக்கும் தாழ்ப்பாளோ பூட்டோ ஒரு கதவிலாவது இல்லாமல் இருக்க வேண்டும். வெளியில் நூறு சாவி இருந்தும் உள்ளே தாழ் போட்டிருந்தால் ஒன்றும் நடக்காது. குளியலறைக் கதவையும் பாருங்கள். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் பூட்டு போடுங்கள். கதவு உள்பக்கமாகத் திறக்கிறதா? விழுந்தவர் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கமாகத் திறக்கும்படி கீலை மாற்ற ஒரு தச்சருக்கு அரைநாள் வேலைதான்.

999க்கு அழைத்தால் முகவரி சொல்லத் தெரிய வேண்டும். கைப்பேசியில் 112 அழுத்தினாலும் அங்கேதான் போகும். தாமான் வீட்டுக்கு எண் உண்டு, தெருப் பெயர் உண்டு. தோட்டத்து லயன் வீட்டுக்கு, அதாவது வரிசை வீட்டுக்கு? "கோயிலுக்குப் பின்னாடி மூணாவது லயன்" என்பது நமக்குத் தெரியும், ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குத் தெரியாது. தோட்டத்தின் பெயர், எந்தச் சாலையிலிருந்து நுழைய வேண்டும், நுழைவாயிலுக்கு அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை மலாயில் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டுங்கள். மருந்துப் பட்டியலையும் கிளினிக் அட்டையையும் அதே இடத்தில் ஒரு உறையில் வையுங்கள். அழைத்த கையோடு ஒருவர் மோட்டாரை எடுத்துக்கொண்டு சந்திக்கே போய் நிற்கட்டும்.

ஆளும் சாவியும் தயாரான பிறகுதான் கருவி. எளியதிலிருந்து தொடங்குங்கள். வயர் இல்லாத காலிங் பெல் தெரியும் அல்லவா, வாசலில் பொத்தான், உள்ளே மணி. அதைத் திருப்பிப் போடுங்கள்: பொத்தான் அம்மா வீட்டில், மணி பக்கத்து வீட்டில். இதற்கு இன்டர்நெட் வேண்டாம், செயலி வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். பொத்தானைச் சுவரில் தோள் உயரத்தில் ஒட்டுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. விழுந்தவர் கை அவ்வளவு உயரம் எட்டாது. தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் ஒட்டுங்கள். குளியலறையில் ஒன்று, கட்டிலருகே ஒன்று, அடுப்புப் பக்கம் ஒன்று. குளியலறைக்கு நீர் புகாத வகை வாங்குங்கள். இருபக்கப் பசைத்தாள் ஈரத்தில் கழன்றுவிடும், சிலிக்கோன் போட்டு ஒட்டுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் தூரம் வெட்டவெளிக்கு. நடுவில் இரண்டு செங்கல் சுவர் வந்தால் வெகுவாகக் குறைந்துவிடும், எனவே கதவெல்லாம் மூடி வைத்துச் சோதியுங்கள். பேட்டரி இல்லாமல், அழுத்தும் விசையிலேயே வேலை செய்யும் பொத்தானும் விற்கிறார்கள். வசதிதான், ஆனால் அழுத்தமாக அமுக்க வேண்டும். பக்கவாதம் வந்த கைக்கும் மூட்டுவாதம் உள்ள விரலுக்கும் அது ஆகாது. மணிப்பெட்டி பேட்டரியில் ஓடும் வகையாக இருந்தால் மின்சாரம் போனாலும் அடிக்கும்.

விழுந்தால் தானே அழைக்கும் கைக்கடிகாரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். தடாலென்று விழுந்தால் பிடிக்கும். சுவரோடு சரிந்து மெல்ல உட்கார்ந்துவிட்டாலோ, கட்டிலிலிருந்து வழுக்கி இறங்கினாலோ தவறவிடலாம். வயதானவர்கள் பல நேரம் அப்படித்தான் விழுகிறார்கள். இன்னொன்று, தினமும் சார்ஜ் செய்ய வேண்டிய கடிகாரத்தை எல்லோரும் இரவில் கழற்றிச் சார்ஜில் போடுகிறார்கள். பின்னிரவு 3 மணிக்குச் சிறுநீர் கழிக்க எழும்போது கை வெறுங்கை. மதியம் அம்மா நாடகம் பார்க்கும் ஒரு மணி நேரத்தில் சார்ஜ் போடப் பழக்குங்கள். கழுத்தில் தொங்கும் பழைய அவசரப் பொத்தானை யாராவது கொடுத்தால், அது எந்த அலைவரிசையில் வேலை செய்கிறது என்று கேளுங்கள். நம் நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டது. அதை மட்டும் நம்பிய கருவி இன்று வெறும் பதக்கம். சிம் அட்டை ப்ரீபெய்டு என்றால் காலாவதித் தேதியை உங்கள் நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள், அம்மாவுடையதில் அல்ல.

பேசத் தயங்கும் அம்மாக்களுக்குக் கதவு உணரி, அதாவது கதவு திறப்பதைக் கண்டறியும் சிறு கருவி, நன்றாக உதவும். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டால், காலை 9 மணி வரை ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்றால் உங்களுக்குச் செய்தி வரும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "நடந்தால் சொல்" என்பது எல்லாச் செயலியிலும் உண்டு, "நடக்காவிட்டால் சொல்" என்பது சிலவற்றில் கிடையாது. அது இல்லாவிட்டால் இந்த வேலைக்கு உதவாது.

கேமராவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் உண்மையான பயன் பலருக்குத் தெரியாது. பக்கவாதம் வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது "கடைசியாக நன்றாக இருந்தது எப்போது?" என்பதுதான். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. தனியாக வாழ்பவருக்கு அந்த நேரத்தைச் சொல்ல யாருமில்லை, பதிவு சொல்லும். ஆகவே நினைவக அட்டை போட்டு, கேமராவின் கடிகாரம் சரியா என்றும் பாருங்கள். கூடத்தில் வையுங்கள், படுக்கையறையில் வேண்டாம். அம்மாவைக் கேட்டு வையுங்கள். கேட்காமல் வைத்த கேமராவின்மேல் துண்டு தொங்குவதைப் பார்க்கிறோம், அவர்மேல் தவறில்லை. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள்.

இனி, ஏன் விழுகிறார்கள்? ரத்த அழுத்தம் ஒரு காரணம். அதை அளக்கும் ரத்தக் கொதிப்பு மெஷின் வீட்டில் இருக்கிறது, அலமாரிக்குள். "ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர் காட்டுது, கெட்டுப்போச்சு" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். கெடவில்லை. ரத்த அழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். காலையில் பசியாறுவதற்கும் மாத்திரைக்கும் முன், சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கோப்பி குடித்திருந்தால் அரை மணி நேரம் கழியட்டும். பட்டை வெறும் புயத்தில், கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். மாலையிலும் அப்படியே, 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி 135/85ஐ எட்டினால் கிளினிக்கில் காட்டுங்கள். புயத்தின் சுற்றளவை அளந்து பட்டை வாங்குங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் இல்லாத கொதிப்பைக் காட்டும்.

விழுந்தவருக்கு இன்னொரு அளவும் வேண்டும், இதைத்தான் யாரும் எடுப்பதில்லை. உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்ற 1 நிமிடத்தில் ஒருமுறை, 3 நிமிடத்தில் ஒருமுறை, பக்கத்தில் ஆள் நிற்க. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் எழும்போது தலை சுற்றுவதன் காரணம் அதுவாக இருக்கலாம். கொதிப்பு மாத்திரையும் சிறுநீர் அடைப்புக்குத் தரும் சில மாத்திரைகளும் இப்படிச் செய்யும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எண்களை எழுதி எடுத்துப் போங்கள்.

சர்க்கரையும் ஒரு காரணம். இன்சுலினோ கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவர் புரட்டாசி விரதம் என்று சாப்பிடாமல் இருந்தால் இறங்கிவிடும். சர்க்கரை மெஷின் 4.0க்குக் (mmol/L) கீழே காட்டினால், விழுங்கும் நினைவு இருந்தால் மட்டும், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999. சர்க்கரை பார்க்க விரலில் குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் எடுத்த அளவை நம்பி இன்சுலினைக் கூட்டியவர்கள் உண்டு. டப்பா மூடியைத் திறந்தபடி அடுப்பருகே வைத்தால் சர்க்கரை பார்க்கும் சோதனைப் பட்டைகள் கெட்டுவிடும்.

ஆக்ஸிஜன் மெஷின் உள்ள வீடுகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: காமாட்சி விளக்கும் சாம்பிராணியும் அந்த அறையில் வேண்டாம். விளக்கை முன்கூடத்துக்கு மாற்றுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

விழுந்தவரை ஓடிப்போய்த் தூக்காதீர்கள் என்று சாவி வைத்திருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். போர்த்திவிட்டு ஆம்புலன்சுக்குக் காத்திருங்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒத்திகை பாருங்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டு, இரவு 9 மணிக்குக் கிரில் பூட்டிய பிறகு, மோடத்தை அணைத்துவிட்டு, நீங்களே குளியலறைத் தரையில் படுத்துக் கையை நீட்டிப் பொத்தானை அழுத்துங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 10 நிமிடத்துக்குள் யாரும் உள்ளே வந்து உங்களைத் தொடவில்லை என்றால், எங்கே தடைப்பட்டது என்று அவர்களிடம் கேட்டுச் சரிசெய்துவிட்டு மறுநாள் இரவு இன்னொரு முறை படுங்கள்.