பழைய சிஸ்டத்துக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா, முதல்ல டிரைவரைத் தேடுங்க

போன மாசம் டிடிபி கடை வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் சிபியுவைத் தூக்கிட்டு வந்து, "தம்பி, போர்டு செத்துப்போச்சு, வேற போர்டு எவ்ளோ ஆகும்"னு எடுத்த எடுப்புல விலை கேட்டார். எட்டாவது ஜென் (தலைமுறை) ஐ3 ப்ராசஸர், நல்ல மெஷின். ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, பீப் அடிக்குது, டிஸ்ப்ளே மட்டும் வரல. என்னண்ணே பண்ணீங்கன்னு கேட்டா, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட அப்டேட் நின்னுபோச்சுல்ல, அதனால 11 போடலாம்னு யாரோ சொன்னதைக் கேட்டு பயாஸ்குள்ள (மெஷின் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற புரோகிராம்) போய் சிஎஸ்எம்மை (பழைய முறை பயாஸுக்கு இடம் குடுக்கிற வசதி) ஆஃப் பண்ணி செக்யூர் பூட்டை (நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் பூட் பண்ண விடுற காவல்) ஆன் பண்ணியிருக்கார், அவ்ளோதான் பண்ணேன் தம்பிங்கிறார். கேபினட்டைத் திறந்தா உள்ள ஒரு பதினஞ்சு வருஷப் பழைய கார்டு, முந்தின மெஷின்ல இருந்து கழட்டி மாட்டினது. அதை உருவிட்டு மானிட்டர் வயரை போர்டுலயே சொருகினேன், டிஸ்ப்ளே வந்துருச்சு. போர்டுக்கு ஒண்ணுமே ஆகல.

விஷயம் என்னன்னா ஒவ்வொரு கார்டுக்குள்ளயும் குட்டியா ஒரு பயாஸ் இருக்கு. சுமாரா 2012-க்கு முன்னாடி வந்த கார்டு பலதுல பழைய முறை பயாஸ் மட்டும்தான் இருக்கும், யுஇஎஃப்ஐங்கிற புது முறை பயாஸுக்குப் புரியுற பகுதி இருக்காது. சிஎஸ்எம் ஆன்ல இருக்கிற வரைக்கும் அது நடுவுல நின்னு சமாளிச்சுக்கும், ஆஃப் பண்ணதும் போர்டுக்கு அந்தக் கார்டோட பேசத் தெரியாது. விண்டோஸ் 11 கேட்கிறது யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட், டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்பு), டைரக்ட்எக்ஸ் 12 (விண்டோஸோட கிராபிக்ஸ் முறை) ஓடுற கிராபிக்ஸ், அதுக்கு டபிள்யூடிடிஎம் 2.0 டிரைவர். டிரைவர்னா விண்டோஸ் கார்டோட பேச உதவுற சாஃப்ட்வேர், டபிள்யூடிடிஎம்ங்கிறது அது எந்த மாடல்னு சொல்றது. உங்க சிஸ்டத்துல இது எவ்ளோன்னு பார்க்க ரன்ல டிஎக்ஸ்டையாக் (dxdiag)னு அடிச்சு டிஸ்ப்ளே பக்கம் போனா 'டிரைவர் மாடல்'னு ஒரு வரி இருக்கும், அதுல 1.1, 1.2ன்னு 2.0-க்குக் கீழ காட்டுச்சுன்னா நிதானமா யோசிங்க.

இதோட தலைகீழும் நடக்கும். ஜி31, ஜி41 மாதிரி பழைய பயாஸ் போர்டுல புதுக் கார்டு மாட்டினா சில சமயம் டிஸ்ப்ளே வராது, ஸ்லாட்டுல கச்சிதமா உட்காருது அதனால ஓடணும்னு நினைக்காதீங்க. அந்த போர்டுல கோர் 2 டியோ இருந்தா கார்டுக்கு ஒத்த ரூபா போடாதீங்கன்னுதான் சொல்லுவேன், விண்டோஸ் 11-ஓட 24எச்2 வெர்ஷன் அந்த ப்ராசஸர்ல பூட்டே ஆகாது, அது கேட்கிற பாப்கவுன்ட்ங்கிற கட்டளை அந்த சிப்புலயே கிடையாது.

அடுத்தது டிரைவர், நான் பார்த்த வரைக்கும் காசு போறது முக்கால்வாசி இங்கதான். கடையில எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை ஜிபி". ஜிபி உங்களைக் காப்பாத்தாது, உள்ள இருக்கிற சிப்பு எந்தத் தலைமுறைன்னு கேளுங்க. என்விடியாவோட ஜிடி 730-யையே எடுத்துக்கோங்க, பேரு ஒண்ணுதான், ஆனா சிலதுல ஃபெர்மிங்கிற பழைய தலைமுறை சிப்பு, சிலதுல அதுக்கு அடுத்த தலைமுறை கெப்ளர். ஃபெர்மிக்கு வழக்கமான டிரைவர் 2018-லயே நின்னாச்சு, கெப்ளருக்கு 2021-ல நின்னுச்சு, பாதுகாப்பு அப்டேட்டும் 2024-ஓட முடிஞ்சுது. இன்னைக்கும் இந்த 730 புது டப்பால சீல் பிரிக்காம விக்குது, வாங்குறவங்களுக்கு இது தெரியுறதே இல்ல, இதை நினைச்சா எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கும். ஏஎம்டி பக்கம் எச்டி 7000 வரிசையும் ஆர்7, ஆர்9 200, 300 வரிசையும் 2021 ஜூன்ல வழக்கமான டிரைவர் வராத பழைய லிஸ்டுக்குப் போயிடுச்சு. என்விடியாவோட ஜிடி 1030, 1050 டிஐ எல்லாம் பாஸ்கல் தலைமுறை, அதுக்கு 2025 அக்டோபரோட வழக்கமான டிரைவர் முடிஞ்சுது, ஆனா பாதுகாப்பு அப்டேட் 2028 அக்டோபர் வரைக்கும் தர்றதா என்விடியா சொல்லியிருக்காங்க, அதனால ஆபீஸ் வேலைக்கு இன்னும் ஒரு ரெண்டு மூணு வருஷம் ஓட்டலாம். 1030 வாங்கினா ஜிடிடிஆர்5 மெமரியான்னு பார்த்து வாங்குங்க, டிடிஆர்4 போட்டதும் அதே பேர்ல இருக்கு, மெமரி வேகம் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான். இன்டெல் ஆர்க் கார்டுக்கு ரீசைசபிள் பார் (ப்ராசஸர் கார்டோட மெமரி முழுசையும் ஒரே வீச்சுல எட்ட விடுற வசதி) வேணும், பத்தாவது ஜென்னுக்குக் கீழ அதைத் தொடாதீங்க.

பவரு. ஸ்லாட்டு குடுக்கிறது 75 வாட், அதுக்கு மேல வேணும்னா எஸ்எம்பிஎஸ்ல (பவர் சப்ளை பெட்டி) இருந்து தனி 6 பின்னோ 8 பின்னோ வரணும். பிராண்டட் ஆபீஸ் பிசில எஸ்எம்பிஎஸ் சின்னதா இருக்கும், அந்த வயரும் பெரும்பாலும் இருக்காது, ஸ்லிம் கேபினட்னா லோ ப்ரொஃபைல், அதாவது உயரம் கம்மியான கார்டுதான் உள்ளயே போகும். 1030-க்கு 30 வாட், ஏஎம்டி ஆர்எக்ஸ் 550-க்கு 50 வாட்டுதான், அந்த மாதிரி இடத்துக்கு இதுங்கதான் சரி.

மானிட்டரையும் மறந்துடாதீங்க. உங்ககிட்ட இருக்கிறது நீல நிற விஜிஏ வயர் போட்ட மானிட்டர்னா, 1030-ல இருக்கிற எச்டிஎம்ஐ, டிவிஐ-டி ரெண்டுலயும் அனலாக் சிக்னல் வராது, சும்மா பின் மாத்துற அடாப்டர் வேலை செய்யாது, உள்ள சிப்பு இருக்கிற எச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வெர்ட்டர்தான் வாங்கணும்.

செகண்ட் ஹேண்டு வாங்குறவங்களுக்கு ஒரு விஷயம். பழைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டோட பயாஸை மாத்தி எழுதி 1050 டிஐன்னு விக்கிறாங்க. விண்டோஸ்ல பேரு 1050 டிஐன்னுதான் காட்டும், நிஜ டிரைவரைப் போட்டதும்தான் தொங்கும். காசு குடுக்கிறதுக்கு முன்னாடியே ஜிபியு-இசட்ங்கிற இலவச சாஃப்ட்வேரை ஓட்டிப் பாருங்க, இந்த மாதிரி கார்டுன்னா பேருக்கு முன்னாடியே 'ஃபேக்'னு காட்டிடும்.

அந்த அண்ணன் கார்டு மாட்டினது எதுக்குன்னு கேட்டேன், ரெண்டாவது மானிட்டருக்காம். கோரல்ங்கிற டிசைன் சாஃப்ட்வேர் ஒண்ணுல, கஸ்டமர் பார்க்க இன்னொண்ணுல. அவர் போர்டுக்குப் பின்னாடியே எச்டிஎம்ஐயும் விஜிஏவும் ரெண்டும் இருக்கு, ஆன்போர்டு கிராபிக்ஸே ரெண்டு மானிட்டரையும் தாங்கும். ரெண்டையும் அதுலயே சொருகி 11 போட்டுக் குடுத்தேன், கார்டை ஒரு கவர்ல போட்டு கையில குடுத்தேன். புது கார்டுக்குன்னு எடுத்துட்டு வந்த காசுல எஸ்எஸ்டி போட்டுக்கிட்டார்.