ரீகால்: திரும்பப் பெறுவதா, மீள அழைப்பதா?

விற்பனையாகிவிட்ட வண்டிகளில் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடிய குறைபாடு ஒன்று இருப்பதாகத் தெரியவந்த பிறகு, அவற்றைத் தயாரித்த நிறுவனம் உரிமையாளர்களுக்கு அதனை அறிவித்து, வண்டியைப் பணிமனைக்கு வரவழைத்து, கட்டணம் வாங்காமல் சரிசெய்து கொடுக்கும் நடவடிக்கைக்கு வாகனத் துறையில் ‘ரீகால்’ என்று பெயர். தமிழ் நாளிதழ்கள் இதனைப் பெரும்பாலும் ‘திரும்பப் பெறுதல்’ என்று எழுதுகின்றன. அட்வெஞ்சர் பைக் எனப்படும் நெடும்பயண வண்டிகளைப் பற்றி இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அவ்வண்டியை வைத்திருப்போரிடம் எழும் முதற்கேள்வி, ‘வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுவார்களா?’ என்பதாகவே இருக்கிறது. கேட்பவரைக் குறை சொல்வதற்கில்லை. செய்தியில் உள்ள சொல் அப்படித்தான் பொருள்படுகிறது.

ஆங்கிலத்தில் இச்சொல் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வழங்கி வருகிறது. ‘மீண்டும்’, ‘பின்னோக்கி’ என்று பொருள்படும் இலத்தீன் முன்னொட்டும், பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ‘கால்’ என்னும் வினையும் சேர்ந்து அமைந்த இச்சொல்லுக்கு அடிப்படைப் பொருள் ‘திரும்பி வருமாறு கூப்பிடு’ என்பதே. அயல்நாட்டுக்கு அனுப்பிய தூதரை நாட்டுக்குத் திரும்புமாறு பணிப்பதும் ரீகால். மறந்ததை மனத்துக்குக் கொண்டுவருவதும் ரீகால். தேர்ந்தெடுத்த பிரதிநிதியை வாக்காளர்களே பதவியிலிருந்து இறக்குவதும் ரீகால். தமிழில் இவை மூன்றுக்கும் முறையே திரும்ப அழைத்தல், நினைவுகூர்தல், திருப்பி அழைக்கும் உரிமை என்று வெவ்வேறு வழக்குகள் உண்டு. இந்த வேறுபாடு அறியாத மொழிபெயர்ப்புக் கருவிகள் ‘மோட்டார் சைக்கிள் நினைவுகூரல்’ என்று எழுதித் தள்ளுவதைக் காணும்போது, பழுதான பிரேக்குக்கு நினைவஞ்சலி செலுத்துகிறார்களோ என்று தோன்றுகிறது.

சொல்லின் வாகனத்துறைப் பொருள் உறுதிப்பட்டதற்குச் சட்டமே பெரிதும் காரணம். அமெரிக்காவில் 1966-இல் நிறைவேறிய தேசிய போக்குவரத்து மற்றும் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம், குறைபாட்டை உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டிய கடமையை மட்டுமே முதலில் நிறுவனங்கள்மீது சுமத்தியது. அக்குறைபாட்டைத் தன் செலவில் சரிசெய்தாக வேண்டும் என்ற கட்டாயம் 1974-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. ஆகவே இந்த நடவடிக்கையின் வேர் அறிவித்து அழைப்பதில் இருக்கிறது. பொருளைக் கைப்பற்றிக்கொள்வது அதன் இயல்பே அன்று.

இந்தியாவில் 2012-ஆம் ஆண்டு வாகன உற்பத்தியாளர் சங்கம் வகுத்துக்கொண்ட தன்விருப்ப நெறிமுறையே நெடுநாள் வழிகாட்டியாக இருந்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 110-அ என்ற புதிய பிரிவைச் சேர்த்து, ஓட்டுநருக்கோ, உடன் செல்வோருக்கோ, சாலையில் உள்ள பிறருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறைபாடு ஒரு வகை வண்டியில் இருப்பின், அவ்வகை வண்டிகளை ரீகால் செய்யுமாறு உற்பத்தியாளருக்கு ஆணையிடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு அளித்தது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். அரசு ஆணையிட்டுக் கட்டாயப்படுத்தும் நிலை வந்தால் 10 இலட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. குறைபாட்டைத் தானே கண்டறிந்து முன்வந்து அறிவிக்கும் நிறுவனத்துக்கு அந்தத் தண்டம் இல்லை. சொல்லாராய்ச்சிக்கு முக்கியமான செய்தி இந்தப் பிரிவுக்குள்ளேயே இருக்கிறது: வண்டியின் முழு விலையைத் திருப்பித் தருதல், வேறு வண்டி மாற்றித் தருதல், பழுது நீக்கித் தருதல் என்ற வழிகள் அனைத்தும் ரீகால் என்ற ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. ‘திரும்பப் பெறுதல்’ என்பது இவற்றுள் முதலிரண்டுக்கு மட்டுமே பொருந்துகிறது. நடைமுறையில் மிகப் பெரும்பாலான ரீகால்கள் மூன்றாம் வழியில், ஓர் உதிரிபாகத்தை மாற்றுவதோடு முடிகின்றன.

செட்டிநாட்டில் இந்தச் சொல் குழப்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கொடுக்கல் வாங்கலைத் தொழிலாகக் கொண்டு பர்மா, மலாயா, இலங்கை வரை சென்று வந்தோரின் வட்டாரத்தில், திரும்பப் பெறுதல் என்றால் கொடுத்த கடனை வாங்குவது என்பதே பேரேட்டுப் பொருள். இன்றைக்கோ, தவணை கட்டாத வண்டியை நிதி நிறுவனத்தார் வந்து தூக்கிக்கொண்டு போவதையும் மக்கள் அறிவார்கள். இந்நிலையில் ‘நிறுவனம் இத்தனை ஆயிரம் பைக்குகளைத் திரும்பப் பெறுகிறது’ என்ற தலைப்பைப் படிப்பவர், வண்டி கையைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சிப் பணிமனைப் பக்கமே போகாமல் இருந்துவிடக்கூடும். சொல் தவறியதால் பாதுகாப்பும் தவறுகிறது என்பதால்தான் இதனை இவ்வளவு நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

வியப்பு என்னவென்றால், இவ்வட்டாரப் பேச்சுமொழி சரியான சொல்லை முன்பே பிடித்துவிட்டது. ‘அண்ணே, உங்க வண்டிய கம்பெனியில கூப்பிட்டிருக்காக’ என்றுதான் மெக்கானிக் சொல்கிறார். கூப்பிடுதல் என்பது மிகச் சரியான பொருள். இதனை எழுத்துவழக்குக்குக் கொண்டுவந்தால் ‘மீளழைப்பு’ என்று அமையும். மீளாய்வு, மீளமைப்பு போன்ற சொற்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் இதன் ஆக்கம் யாருக்கும் புதிதாக இராது. அடகு வைத்த நகையை மீட்டல் என்பதிலும் இதே வேர்தான் இருக்கிறது. ‘மறுஅழைப்பு’ என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. அது இரண்டாம் முறை அழைப்பதைக் குறிக்கிறதே அன்றித் திரும்பி வரச் சொல்வதைக் குறிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பின் வரும் மறுவீட்டு அழைப்பை நினைவூட்டிவிடும் ஆபத்து வேறு இருக்கிறது.

மீளழைப்புக்கு முன்னால் நிற்கும் சொல் ‘புகார்’. தமிழ்ச் சொல்லாகவே நாம் எண்ணிப் பழகிவிட்ட இது உருது, இந்தி வழியாக வந்தது. அம்மொழிகளில் ‘புகார்’ என்றால் கூவி அழைத்தல். நகரத்தார் தம் முன்னோரின் ஊராகச் சொல்லிக்கொள்ளும் காவிரிப்பூம்பட்டினமாகிய புகாருக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமை தவிர வேறு உறவு இல்லை. உரிமையாளர் கூவி அழைப்பது புகார் என்றும், அதற்குச் செவிசாய்த்து நிறுவனம் திருப்பி அழைப்பது மீளழைப்பு என்றும் கொண்டால், இரண்டும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களாக இருப்பது புலப்படும். மேலே கண்ட 110-அ பிரிவும், உரிமையாளர்களில் குறிப்பிட்ட விழுக்காட்டினர் ஒரே குறைபாட்டைத் தெரிவிப்பதை ரீகால் ஆணைக்கான அடிப்படைகளுள் ஒன்றாக ஏற்கிறது. புகாருக்குத் தனித்தமிழ் வேண்டுவோர் ‘முறையீடு’ என்று எழுதலாம்.

ஆயினும் எல்லா முறையீடும் மீளழைப்பில் முடிவதில்லை. இங்கே மூன்று தமிழ்ச் சொற்களைக் கலக்காமல் வைத்துக்கொள்வது பயன்தரும். ஓடி ஓடித் தேய்ந்து கெடுவது பழுது. இருக்கும்போதே ஒழுங்காக வேலை செய்யாமல் முரண்டு பிடிப்பது கோளாறு. வடிவமைப்பிலோ பொருளிலோ தயாரிப்பிலோ தொடக்கத்திலேயே நேர்ந்துவிட்ட தவறு குறைபாடு. பிறவி நோயைப்போல, வெளிப்படும் நாள் எதுவாயினும் அது வண்டியோடு கூடவே பிறந்தது. எரிபொருள் முள் தப்பாகக் காட்டுகிறது, மழைக்காலத்தில் மீட்டர் கண்ணாடிக்குள் நீராவி படிகிறது, மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இருக்கை வலிக்கிறது என்று அட்வெஞ்சர் பைக் உரிமையாளர்கள் சொல்வன நியாயமான முறையீடுகளே. அவை உத்தரவாதத்தின்கீழ் தீர வேண்டியவை. உயிருக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஊறு விளைவிக்கும் குறைபாடு மட்டுமே மீளழைப்புக்கு உரியது.

இவ்வகை வண்டிகளில் அத்தகைய குறைபாடு எங்கே தோன்றுகிறது என்பதற்குச் சில சான்றுகள் உண்டு. 2020-இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் பிரிட்டன், ஐரோப்பா, தென்கொரியா ஆகிய இடங்களில் விற்ற ஹிமாலயன், இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி வண்டிகளில் சுமார் 15,200-ஐ மீள அழைத்தது. குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் தூவப்படும் உப்பு, சக்கரத்தோடு சுழலும் தட்டை இறுகப் பற்றி வண்டியை நிறுத்தும் பாகமான பிரேக் கேலிப்பரில் அரிமானத்தை உண்டாக்கியதே காரணம். உலோகம் வேதிவினையால் அரிக்கப்படுவதற்கு ‘அரிமானம்’ என்பது நல்ல தமிழ்ச் சொல். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில், 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் துறைகளுள் அதுவும் ஒன்று. செம்மண் புழுதியே மிகுந்த இவ்வட்டாரத்தில் சாலை உப்புக்கு வேலையில்லை. ஆனால் இராமேசுவரம் கடற்கரை வரை அடிக்கடி வண்டி ஓட்டுவோர் உப்புக்காற்றை எளிதாக எண்ணிவிடக் கூடாது.

2018-இல் அமெரிக்காவில் மீளழைக்கப்பட்ட பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் வண்டி நம் ஓசூரில் டிவிஎஸ் ஆலையில் உருவானது. சைடு ஸ்டாண்டு பொருத்தப்பட்ட இடத்தில் வண்டியின் சட்டகம் சேதமடையக்கூடும் என்பதே அங்குக் கண்ட குறைபாடு. அதற்கு முந்தைய ஆண்டில், பிஎம்டபிள்யூவின் ஆர் 1200 ஜிஎஸ் வண்டிகளில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் கடும் மோதலில் உள்ளுக்குள் சேதமடையலாம் என்பதற்காக உலகெங்கும் சோதிக்கப்பட்டன. சாமான் பெட்டிகளின் சுமை, நீண்ட சஸ்பென்ஷன், கரடுமுரடான பாதை ஆகியவை சேரும்போது ஸ்டாண்டும் ஃபோர்க்கும் சாதாரண வண்டியில் தாங்காத பளுவைத் தாங்க நேர்கிறது.

நிறுவனங்கள் சில வேளைகளில் ரீகால் என்ற சொல்லைத் தவிர்த்து ‘சர்வீஸ் கேம்பெயின்’ என்று மென்மையாகப் பெயரிடுவதும் உண்டு. இதனைச் ‘சேவை முகாம்’ என்று தமிழாக்குவதை நான் விரும்பவில்லை. இலவசமாக ஆயில் மாற்றித் தரும் நிகழ்ச்சி என்று எண்ணிப் பலர் போகாமல் இருந்துவிடுவார்கள். உள்ளே நடப்பது குறைபாடு நீக்கமாயின், பெயர் எதுவானாலும் அதனை மீளழைப்பு என்றே தமிழில் எழுதலாம்.

அழைப்பு என்று சொல்லும்போது, அது உரியவரைச் சென்று சேர வேண்டும் என்ற பொருளும் அடங்கியிருக்கிறது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் முகவரியில் பதிவான வண்டிகள் உண்டு. உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, கடிதம் முகப்புக் கதவின் அடியில் கிடக்கும். இரண்டாம் கையாக வாங்கியவர் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் ஓட்டினால், அழைப்பு முதல் உரிமையாளருக்கே போகும். மீளழைப்பு குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளுக்கு மட்டுமே உரியதாகலின், 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்திலோ அங்கீகரிக்கப்பட்ட பணிமனையிலோ கொடுத்துக் கேட்பதே நேர்வழி. டி.என். 63 என்ற பதிவெண்ணால் இதனை அறிய இயலாது.

‘திரும்பப் பெறுதல்’ என்ற தொடரை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. கடை அடுக்குகளிலிருந்து உணவுப் பொட்டலங்களையும், மருந்துக் கடைகளிலிருந்து தரமற்ற மாத்திரைகளையும் நிறுவனம் எடுத்துச் செல்லும்போது, பொருள் மீண்டும் வாங்கியவரிடம் வருவதில்லை. அங்கே அத்தொடரே பொருத்தமானது. 2015-இல் மேகி நூடுல்ஸ் கடைகளை விட்டுப் போனது திரும்பப் பெறுதல். உங்கள் ஹிமாலயன் காலையில் பணிமனைக்குப் போய், கேலிப்பர் மாற்றிக்கொண்டு மாலையில் வீடு வருவது மீளழைப்பு.